கசடதபற கைவிடும்போது

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் தெருக்களில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. ஒரு கூடத்தில் பத்துப் பதினைந்து தறி சேர்ந்து அடித்தால் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். இழை அறுந்துவிட்டது என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லக்கூடக் கத்தவேண்டும். அங்கே வேலை பார்க்கும் இருபது வயதுப் பையன் ஒருவனுக்குக் குரல் இறங்க ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "என்னலே, வாய்க்குள்ளயே முணங்குத?" என்று கேட்டுவிட்டு மேஸ்திரி போய்விடுவார். காது மந்தமானால் தறிச் சத்தம் காதை அடைத்துவிட்டது என்பார்கள். கை மெலிந்தால் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பார்கள். நாக்குக் குழறினால் கேட்கவே வேண்டாம், தண்ணி போட்டிருக்கிறான். மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் கிடைத்துவிடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நியாயமான காரணங்கள்தாம்.

ஆனால் காது, கை, பேச்சு மூன்றும் சேர்ந்து இளவயதில் தேய்வதற்கு ஒரே நோய் காரணமாக இருக்கலாம். அந்த நோய் உலக மருத்துவ நூல்களில் நம் தலைநகரின் பழைய பெயரோடு இருக்கிறது: மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்.

1970-இல் 'நியூராலஜி இந்தியா' இதழின் துணை இதழில் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி என்ற மூன்று மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். மூன்றாமவர், 1950-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பி. ராமமூர்த்தி. மோட்டார் நியூரான் நோயின் வழக்கமான வடிவம் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதில் வரும். பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1869-இல் விவரித்த அந்த வடிவத்தை ஏ.எல்.எஸ். என்கிறார்கள். சென்னைக்கு வந்த நோயாளிகளில் பலர் பள்ளி, கல்லூரி வயதுக்காரர்கள். முகத்தசை தளர்ந்திருந்தது, பேச்சு மூக்கால் வந்தது, பலருக்குக் காதும் கேட்கவில்லை. ஏ.எல்.எஸ். நோயில் காது கெடுவதில்லை. இது வேறு மாதிரி என்று சொல்ல அந்த மூவருக்கும் துணிச்சல் இருந்தது. பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸில் கௌரி தேவி, நளினி போன்றோர் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 1971 முதல் 2007 வரை 36 ஆண்டுகளில் அங்கே பார்த்த 116 நோயாளிகளின் கதையை நளினி குழுவினர் 2008-இல் வெளியிட்டார்கள். இவ்வளவு பெரிய மருத்துவமனையில் 36 ஆண்டுக்கு 116 பேர் என்றால் அபூர்வ நோய்தான். அவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியர்கள். வெளிநாடுகளில் அங்கொருவர் இங்கொருவராகத்தான் பதிவாகியிருக்கிறார்கள். ஏன் தெற்கு, ஏன் இளையோர் என்பதற்கு விடை இன்றுவரை இல்லை.

பேச்சு எங்கே அறுகிறது என்று பார்ப்போம். மூளையின் மேற்பரப்பிலிருந்து கட்டளையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கும் நரம்பணுக்கள் ஒரு வகை. முகுளத்திலும் தண்டுவடத்திலும் அதை வாங்கித் தசைக்குக் கொடுப்பவை இன்னொரு வகை. துணைமின் நிலையத்திலிருந்து வரும் பெரிய லைன், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் என்று நினைத்துக்கொள்ளலாம். வீட்டு வயர் போனால் தசை சுருங்கி மெலியும், நாக்கில் புழு நெளிவதுபோல் துடிப்பு தெரியும், குரல் தொய்ந்து மூக்கால் ஒழுகும். மேல் லைன் போனால் தசை மெலியாமல் இறுகும், பேச்சு இழுத்து இழுத்து, கழுத்தை நெரித்ததுபோல் வரும். ஏ.எல்.எஸ். நோயில் இரண்டும் சேர்ந்தே போகும். மெட்ராஸ் வடிவத்தில் முகம், நாக்கு, தொண்டைப் பக்கத்து வீட்டு வயர்கள் அதிகம் அடிபடுகின்றன; மேல் லைனும் தப்புவதில்லை.

நரம்பு மருத்துவர் இதைக் கண்டுபிடிக்கும் விதம் வெகு எளிமையானது. நாக்கை வாய்க்குள்ளேயே வைத்திருக்கச் சொல்லி டார்ச் அடித்துத் துடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். கன்னத்தை உப்பச் சொல்லி விரலால் அழுத்துவார்; உதடு தளர்ந்திருந்தால் காற்று புஸ்ஸென்று போய்விடும். மூக்குக்குக் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு 'ஆ' சொல்லச் சொல்வார். நல்ல நிலையில் கண்ணாடி தெளிவாக இருக்கும். மென் அண்ணம் தளர்ந்திருந்தால் பனி படியும். பிறகு "பா பா பா", "தா தா தா", "கா கா கா" என்று வேகமாகச் சொல்லச் சொல்வார். பா உதட்டுக்கு, தா நாக்கு நுனிக்கு, கா நாக்கின் அடிக்கு. எது தடுமாறுகிறதோ அங்கே கோளாறு.

இந்த இடத்தில் தமிழ் படித்தவர்களுக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வரவேண்டும். எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியல், உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்ற இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எழுத்தாகிறது என்று எட்டு இடங்களைக் கணக்கிடுகிறது. மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியதோடு நாம் விட்டுவிட்ட பகுதி. தளர்ந்த தொண்டையோடு பேசுபவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அந்த இயல் அப்படியே உயிரோடு தெரியும்.

காரணம் இதுதான். வல்லெழுத்தைச் சொல்ல, மென் அண்ணம் எழும்பி மூக்கு வழியை அடைக்கவேண்டும். காற்று வாய்க்குள் தேங்கி அழுத்தம் ஏறி வெடிக்கவேண்டும். அண்ணம் எழும்பாவிட்டால் காற்று மூக்கு வழியாக ஓடிவிடும். அதே இடம், அதே நாக்கு அசைவு, ஆனால் மூக்கு திறந்திருக்கிறது. அப்போது வருவது அதன் இனமான மெல்லெழுத்து. ப சொன்னால் ம கேட்கும். த, ந ஆகும். ட, ண ஆகும். க, ங ஆகும். 'பட்டு' என்றால் 'மண்ணு' என்பதுபோல் கேட்கும்; 'கடை', 'ஙணை' ஆகும். ஐந்தாம் வகுப்பில் படித்த இன எழுத்து அட்டவணை ஒரு மனிதனின் வாயில் ஒவ்வொரு வரியாக நடந்தேறுகிறது. பிறகு நாக்கு நுனி தளரும்போது ர, ல, ழ, ள, ற எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கடைசியாக உயிரெழுத்துகள் மிஞ்சுகின்றன, அவையும் மூக்கொலியோடு. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த நிலையிலும் பாதி புரியும். தபால்காரருக்கும் பஸ் கண்டக்டருக்கும் புரியாது.

பேச்சு போகும் வழியிலேதான் விழுங்குவதும் போகிறது, ஏனென்றால் தசைகள் ஒன்றே. வீட்டிலிருக்கும் வயதான பெண்கள் இதை டாக்டருக்கு முன்பே கவனித்துவிடுவார்கள்: சோறு இறங்குகிறது, தண்ணி குடித்தால் புரையேறுகிறது. பார்க்க விசித்திரமாக இருக்கும். தண்ணீரும் ரசமும் மோரும் வேகமாக ஓடுபவை. மூச்சுக்குழாய் மூடிக்கொள்வதற்குள் உள்ளே போய்விடும். குழைந்த பருப்புச் சோறும் கெட்டித் தயிரும் மெதுவாக இறங்கும். இன்னொரு பக்கம், முறுக்கு, அப்பளம், சங்கரன்கோவிலின் பெருமையான பிரியாணியின் உதிரிச் சோறு ஆகியவற்றைத் தளர்ந்த நாக்கால் திரட்ட முடியாது; அவை கன்னத்தில் தேங்கும். எந்தக் கெட்டியில் எதைக் கொடுப்பது, தாடையைத் தாழ்த்தி விழுங்குவது இவருக்கு உதவுமா என்பதைப் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர் சோதித்துப் பார்த்துச் சொல்லவேண்டும். அண்டை வீட்டு அனுபவம் போதாது. சங்கரன்கோவில் கோமதி அம்மன் சன்னிதியில் கொடுக்கும் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்கப்போவதில்லை. புரையேறுகிறவருக்கு அதைத் தண்ணீரில் கரைத்துப் புகட்ட மட்டும் வேண்டாம். நுரையீரலுக்குள் போகும் ஒரு வாய்த் தண்ணீர் நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

வீட்டைக் கலங்கடிக்கும் இன்னொன்றும் உண்டு. மேல் லைன் அடிபட்டவர்களில் சிலர் சின்ன விஷயத்துக்கும் நிறுத்த முடியாமல் அழுவார்கள், அல்லது துக்க வீட்டில் சிரித்துவிடுவார்கள். மனம் உடைந்துவிட்டது என்றோ புத்தி பேதலித்துவிட்டது என்றோ ஊர் முடிவுகட்டிவிடும். அழுகைக்கும் சிரிப்புக்குமான தசைகளை மூளை அடக்கி வைத்திருக்கும் பிடி தளர்ந்ததன் விளைவு அது. உள்ளே அந்த அளவு துக்கமோ மகிழ்ச்சியோ இருக்கவேண்டும் என்பதில்லை. இதற்கு மருந்து உண்டு. டாக்டரிடம் சொல்லத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

இனி, இந்த நோயைப் பற்றி நான் முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். ஏ.எல்.எஸ். வந்தவர்களில் பாதிப் பேர் அறிகுறி தொடங்கி ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்குள் இறந்துபோகிறார்கள். மெட்ராஸ் வடிவம் அப்படி இல்லை. மெதுவாக, பத்தாண்டு, இருபதாண்டு, அதற்கும் மேலாக நகர்கிறது. பல நோயாளிகள் வேலைக்குப் போயிருக்கிறார்கள், குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் 'மோட்டார் நியூரான் நோய்' என்ற பெயரைக் கூகுளில் தேடுகிற உறவினருக்குக் கிடைப்பது ஏ.எல்.எஸ். கணக்கு. அன்றே வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடுகிறது. படிப்பு நிறுத்தப்படுகிறது, கல்யாணப் பேச்சு நிற்கிறது, நோய் வந்த பையனிடம் பேசுவதும் குறைந்துவிடுகிறது. முப்பது ஆண்டு வாழப்போகிறவனுக்கு மூன்று ஆண்டுக்கான ஏற்பாடு. குணப்படுத்தும் மருந்து இல்லாத இடத்தில், பேச வழி செய்து கொடுப்பதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. அது மருந்துச் சீட்டில் எழுதப்படுவதே இல்லை என்பது என் குறை.

மருந்துப் பக்கம் சுருக்கமாக. ஏ.எல்.எஸ். நோய்க்கு 1995-இல் வந்த ரிலுசோல் சில மாதங்களைக் கூட்டித் தருகிறது. எஸ்.ஓ.டி.1 மரபணுக் கோளாறு உள்ள சிறு பிரிவினருக்கு 2023-இல் அமெரிக்காவில் டோஃபெர்சென் அனுமதி பெற்றது. மெட்ராஸ் வடிவத்துக்கு எதுவும் இல்லை. ஆனால் இதற்கு ஓர் இரட்டைப்பிறவி போன்ற நோய் உண்டு. பிரவுன், வியலெட்டோ, வான் லேர் ஆகிய மூவரின் பெயரில். அதிலும் காது போகும், முகம் தளரும், பேச்சு குழறும். ரிபோஃப்ளேவின் என்ற பி-2 வைட்டமினை உயிரணுவுக்குள் கொண்டுசெல்லும் புரதத்தின் மரபணு கெட்டிருப்பதே காரணம் என்று 2010-லும் 2012-லும் தெரியவந்தது. அதிக அளவில் பி-2 கொடுத்ததும் பல குழந்தைகள் தேறினார்கள். மெட்ராஸ் நோயும் இதுவே என்றால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நளினியும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து பார்த்து, இரண்டும் வேறு என்று 2013-இல் எழுதிவிட்டார்கள். இருந்தாலும் இளவயதில் காதும் முகமும் பேச்சும் சேர்ந்து கெட்டால், அந்த மலிவான வைட்டமினால் தேறும் நோயாக இருக்குமோ என்பதை மருத்துவர் முதலில் பார்த்தாக வேண்டும். தொண்டையில்தானே கோளாறு என்று காது மூக்கு தொண்டை மருத்துவரோடு நின்றுவிடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நரம்பியல் பிரிவு அங்கே இருக்கிறது.

சரி, பேச வழி என்ன? எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங். 1963-இல், 21 வயதில் அவருக்கு ஏ.எல்.எஸ். என்று சொன்னார்கள். 1985-இல் நிமோனியாவுக்காகத் தொண்டையில் துளையிட்டபோதுதான் குரல் முற்றிலும் போனது. அதன் பிறகு அவர் பேசிய அந்த இயந்திரக் குரல் எம்.ஐ.டி. ஆய்வாளர் டென்னிஸ் கிளாட் தன் சொந்தக் குரலை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. கிளாட் தைராய்டு புற்றுநோயில் தன் குரலை இழந்து 1988-இல் இறந்துபோனார். அதைவிட நல்ல குரல்கள் வந்த பிறகும் ஹாக்கிங் மாற்றிக்கொள்ள மறுத்தார். அது தன் குரலாகிவிட்டது என்பது அவர் கட்சி.

அமெரிக்காவில் கேசி ஹாரெல் என்ற ஏ.எல்.எஸ். நோயாளியின் மூளையில் 256 மின்முனைகள் பொருத்தி, அவர் பேச முயல்வதை எழுத்தாக்கி, நோய்க்கு முந்தைய அவருடைய குரலிலேயே கணினியைப் பேசவைத்திருக்கிறார்கள். 97 விழுக்காடு சொற்கள் சரியாக வந்ததாக 2024-இல் கட்டுரை வெளியானது. அதிசயம்தான். ஆனால் அது ஆங்கிலம் பேசுகிறது, ஆராய்ச்சிக் கட்டத்தை இன்னும் தாண்டவில்லை. சங்கரன்கோவில் இருக்கும் தென்காசி மாவட்டத்துக்கு அது வரும்வரை காத்திருக்கத் தேவையும் இல்லை.

பெரும்பாலான மோட்டார் நியூரான் நோயாளிகளுக்கு, மற்ற எல்லாம் போன பிறகும் கண்ணை அசைக்கும் தசைகள் தாக்குப்பிடிக்கின்றன. இமைத்து 'ஆம்' சொல்ல முடிகிறவர் முழு வாக்கியம் சொல்லலாம். தேவை ஓர் அட்டை. 247 எழுத்தை எப்படி அட்டையில் அடைப்பது என்று பயப்பட வேண்டாம். இங்கேதான் தமிழ் இலக்கணம் இரண்டாவது முறை கைகொடுக்கிறது. பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார்: உயிரா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா? சரியான இடத்தில் ஓர் இமைப்பு. இனத்துக்கு ஆறே எழுத்து. வரிசையாகச் சொல்லும்போது ஓர் இமைப்பு. பிறகு புள்ளியா, குறிலா, நெடிலா. குறில் ஐந்து, நெடில் ஏழு. 'வலி' என்று சொல்ல: இடையினம், ய-ர-ல-வ, நான்காவதில் இமைப்பு, குறில், அ. மறுபடி இடையினம், ய-ர-ல; குறில், அ-இ, இமைப்பு. அரை நிமிடம் ஆகும். பழகினால் முதல் எழுத்திலேயே கேட்பவர் ஊகித்துவிடுவார். காதும் கேட்காதவருக்கு வாயால் கேட்பதற்குப் பதில் அட்டையில் விரல் வைத்து நகர்த்திக்கொண்டே போகலாம். கசடதபற, ஙஞணநமன, யரலவழள தெரிந்த எந்த நான்காம் வகுப்புப் பிள்ளையும் தாத்தாவுக்கு இதைச் செய்யும்.

அட்டையின் மேல் வரிசையில் அன்றாடச் சொற்களை அப்படியே எழுதிவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தரும் அட்டைகளில் 'பசி', 'தாகம்', 'வலி' இருக்கும். படுக்கையில் கிடப்பவருக்கு வேண்டியது பல நேரம் 'கொசு', 'ஃபேனைக் குறை', 'திருப்பிப் போடு', 'தலையணை', 'அந்த ஆளை அனுப்பிவிடு'. அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

கை அசைகிறவர்களுக்குச் செல்பேசி போதும். தமிழில் தட்டினால் படித்துக் காட்டும் வசதி பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. சென்னையில் உருவான அவாஸ் செயலி, பேசாத குழந்தைகளுக்காகப் படங்களைத் தொட்டால் பேசும்படி செய்யப்பட்டது, தமிழிலும் பேசும். எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியினர், பெருமூளை வாதத்தால் குழறிப் பேசுகிற தமிழர்களின் குரலைப் பதிவுசெய்து ஒரு தொகுப்பை உருவாக்கியிருக்கிறார்கள். குழறலைப் புரிந்துகொள்ளும் கணினிக்கு அது அடிப்படை. இவையெல்லாம் நல்ல தொடக்கங்கள். ஒரு குறை உண்டு. போன் பேசும் தமிழ் செய்தி வாசிப்பவரின் தமிழ். 'நான் பிறகு வருகிறேன்' என்று அது சொன்னால் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது 'பொறவு வாரேன்'.

அதற்கு ஒரே பரிகாரம், குரல் இருக்கும்போதே பதிவுசெய்வது. பேச்சுப் பயிற்சியாளர்கள் நோய் உறுதியான முதல் வாரத்திலேயே இதைத்தான் சொல்லவேண்டும். சொல்லப்படுவதோ பேச்சு முக்கால்வாசி போன பிறகு. ஸ்டூடியோ வேண்டாம். ஃபேனை நிறுத்திவிட்டு, தறி ஓடாத நேரத்தில், போனை ஒரு சாண் தூரத்தில் வைத்து, பிள்ளைகளின் பெயர், அவர் கூப்பிடும் செல்லப் பெயர், திட்டு, கேலி, 'சாப்டியாய்யா?', 'கதவப் பூட்டுனியா?' என்று ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கலாம். பின்னாளில் தொட்டால் அவர் குரலே கேட்கும். சில மணி நேரப் பதிவு இருந்தால் அதிலிருந்து குரலை மீட்டுருவாக்கும் தொழில்நுட்பம் நாளுக்கு நாள் எளிதாகி வருகிறது. பதிவே இல்லாதவருக்கு எந்தத் தொழில்நுட்பமும் உதவாது.

மெட்ராஸ் நோய் அபூர்வம். உங்கள் தெருவில் இருக்கக்கூடியது பார்கின்சன் நோய். 1817-இல் ஜேம்ஸ் பார்கின்சன் விவரித்தார். கைநடுக்கம் எல்லோருக்கும் தெரியும். குரல் உள்வாங்கிப் போவது அவ்வளவாகத் தெரியாது. இதில் நரம்பு அறுவதில்லை, மூளையின் அளவுகோல் பிசகுகிறது. தான் சரியான சத்தத்தில் பேசுவதாக அவர் நினைத்துக்கொண்டிருப்பார். மனைவிக்குக் காது மந்தம் என்று கோபிப்பார். வாரம் நான்கு நாள் வீதம் நான்கு வாரம், 'சத்தமாக' என்ற ஒரே கட்டளையோடு தரும் எல்.எஸ்.வி.டி. பயிற்சி இதற்குப் பலன் தருகிறது. ஏ.எல்.எஸ். நோயாளிக்கு அதே பயிற்சி கூடாது. தளர்ந்த தசை இன்னும் களைத்துப்போகும். 'நல்லாக் கத்திப் பேசிப் பழகு' என்று பொதுவாக அறிவுரை சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

குரல் கம்மியோ மூக்கால் ஒலித்தோ இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், கூடவே தண்ணீர் புரையேறினால் அல்லது காது மந்தப்பட்டால், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நோய் உறுதியானவர்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கத் தயங்கவேண்டாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நரம்புக் காரணத்தால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாடு அவற்றில் ஒன்று, நாட்பட்ட நரம்பியல் பாதிப்பு இன்னொன்று. 40 விழுக்காடு பாதிப்பு என்று சான்று கிடைத்தால் சலுகைகளுக்கு உரிமை உண்டு. பார்கின்சன், தண்டுவட மரப்பு நோய், நாட்பட்ட நரம்பியல் பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பேச்சுப் பயிற்சியாளர் அந்தப் பட்டியலில் இல்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்கவேண்டியது நாம்தான்.